ஐந்து குதிரைத் திறன் என்றால் என்ன?

மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறக்கப்படாத ஆண்டுகளில் காவிரிப் பாசனப் பகுதியின் குறுவையைக் காப்பாற்றுவது பம்புசெட்தான். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2024-ம் ஆண்டிலும் ஜூலை 28-ந் தேதிதான் பாசனத்துக்குத் தண்ணீர் விடப்பட்டது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் வைகாசி, ஆனி மாதங்களில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிவிடுகிறது. முழுக் குழாயாகக் கொட்டிய பம்பு அரைக் குழாய்தான் கொட்டுகிறது. அப்போது விவசாயிக்குக் கிடைக்கும் முதல் யோசனை, "அஞ்சு எச்.பி. இனிமேல் இழுக்காது, ஏழரை போட்டுவிடுங்கள்" என்பதாகும். நகையை அடகு வைத்துப் புது மோட்டார் வாங்கி மாட்டிய பிறகும் தண்ணீர் கூடாமல், நாற்றங்கால் காய்வதைப் பார்த்து நிற்கும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள்.

குறை மோட்டாரில் இல்லை. எச்.பி. என்ற இரண்டு எழுத்துக்கு என்ன பொருள் என்பது வாங்குகிறவருக்கும் சில சமயம் விற்கிறவருக்கும் தெளிவாகத் தெரியாததே காரணம். எச்.பி. என்பதைக் குதிரைச் சக்தி என்று சொல்லி வந்தோம். சக்தி என்றதும் இழுக்கும் பலம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பலம் கூடினால் ஆழத்திலிருந்தும் இழுக்கும் என்று தோன்றுவது இயற்கையே. ஆனால் எச்.பி. குறிப்பது பலத்தை அல்ல, வேலை நடக்கும் வேகத்தை. அதனால்தான் பொறியியல் நூல்களில் குதிரைத் திறன் என்று எழுதுகிறார்கள்.

குதிரை எப்படி வந்தது?

ஜேம்ஸ் வாட் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் நீராவி என்ஜினைச் செம்மைப்படுத்தி விற்பனை செய்தவர். அந்நாளில் இங்கிலாந்தின் ஆலைகளில் குதிரைகள் நம் செக்குமாடுகளைப் போல வட்டமாகச் சுற்றி வந்து எந்திரங்களை ஓட்டின. என்ஜின் வாங்க வந்த ஆலைக்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதை வாங்கினால் எத்தனை குதிரைகளை நிறுத்தலாம்? அதற்குப் பதில் சொல்லும் அளவை ஒன்றை 1780-களின் தொடக்கத்தில் வாட் வகுத்தார். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தும் வேலையே ஒரு குதிரைத் திறன். மெட்ரிக் அளவில் சொன்னால், 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது ஏறத்தாழ ஒரு குதிரைத் திறனாகும். இன்றைய பெயர்ப்பலகைகளில் கிலோவாட் கணக்கும் சேர்ந்து வருகிறது. 3.7 கிலோவாட் என்று போட்டிருந்தால் அது 5 எச்.பி.; 2.2 என்றால் 3 எச்.பி.; 5.5 என்றால் ஏழரை. வாட் என்ற அந்த அளவுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நாள் முழுதும் உழைக்கும் ஒரு மாடு அரைக் குதிரைத் திறன் அளவுக்கு வேலை செய்யும் என்பது பொதுவான கணக்கு. மனிதன் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஐந்து எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது பம்பு ஷெட்டுக்குள் ஐந்து ஜோடி மாடுகள் பூட்டியிருப்பதாக நினைத்துக் கொள்ளலாம்.

இங்கே மூன்று சங்கதிகள் இருக்கின்றன: எடை, உயரம், நேரம். ஏற்றம் மிதித்தவர்களும் இறைகூடை போட்டவர்களும் தண்ணீரை வயலுக்கு ஏற்றத்தான் செய்தார்கள். ஒரு மா நிலத்தை நனைக்க அவர்களுக்கு நாட்கணக்கு ஆயிற்று, மோட்டாருக்கு மணிக்கணக்கு ஆகிறது. எச்.பி. கூடினால், அதே உயரத்துக்கு அதிகத் தண்ணீரோ அல்லது அதே தண்ணீரை அதிக உயரத்துக்கோ ஏற்ற முடியும். தண்ணீர் பம்பின் வாய்க்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம். வந்து சேராத தண்ணீரை எந்த எச்.பி.யும் ஏற்றாது.

தஞ்சைக்கு எவ்வளவு தேவை?

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு வட்டாரங்களில் பில்டர் பாயிண்ட் என்று வழங்கும் வடிமுனைக் குழாய்க் கிணறுகளே அதிகம். 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 குறுவை நெல் வந்த காலத்தையொட்டி இவை பெருகின. ஆற்று மணல் படுகையில் குழாயை இறக்கி, அதன் தலையிலேயே பம்பைப் பொருத்திவிடலாம். செலவு குறைவு. கடலோரத்தில் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடியில் உப்புநீர் என்பதால் அங்கே இந்த வசதி இல்லை.

நான்கு அங்குலக் குழாய் இறக்கிய ஒரு கிணற்றை எடுத்துக் கொள்வோம். பம்பு ஓடாதபோது நீர்மட்டம் தரையிலிருந்து 4 மீட்டர் கீழே இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் இன்னும் ஒன்றரை மீட்டர் இறங்குகிறது. தண்ணீர் விழும் வாய் தரைக்கு மேல் ஒரு மீட்டர். வடிமுனை, குழாய், வளைவு ஆகியவற்றில் தண்ணீர் உராய்ந்து போவதால் ஏற்படும் இழப்பு, உயரக் கணக்கில் ஒன்றரை மீட்டர். எல்லாம் கூட்டினால் 8 மீட்டர். இதைத்தான் பம்பு மெக்கானிக்குகள் "ஹெட்" என்கிறார்கள். மொத்த ஏற்ற உயரம் என்று நாம் சொல்லலாம்.

விநாடிக்கு 12 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 12-ஐ 8-ஆல் பெருக்கினால் 96. அதை 75-ஆல் வகுத்தால் சுமார் 1.3. தண்ணீரை ஏற்றும் உண்மையான வேலைக்கு ஆகும் குதிரைத் திறன் இவ்வளவே! பம்பு தான் வாங்கும் திறன் முழுவதையும் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை. நூற்றுக்கு அறுபது கொடுத்தால் அது நல்ல பம்பு. அந்தச் சேதாரத்தையும் சேர்த்தால் 2.1 எச்.பி. ஆகிறது. கொஞ்சம் இடம் விட்டு 3 எச்.பி. மோட்டார் போட்டால் வேலை நடந்துவிடும்.

விநாடிக்கு 12 லிட்டர் என்பது குறைந்த தண்ணீரும் அல்ல. மணிக்கு 43,200 லிட்டர். ஒரு மா நிலத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 67,000 லிட்டர் தேவை. வாய்க்காலில் கசிவு இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் போதும். தொளி உழவுக்கு இதைப் போல நான்கு மடங்கு தேவைப்படலாம்.

இப்படியிருக்க, எங்கும் ஐந்து எச்.பி. மோட்டார் ஓடுவது ஏன்? அண்டை வீட்டார் ஐந்து போட்டால் நாமும் ஐந்து என்ற வழக்கம் ஒரு காரணம். இன்னொன்று மின்சாரம். சிறு விவசாயிகளுக்கு 1984-லும் மற்ற விவசாயிகள் எல்லோருக்கும் 1990-லும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. பில் வராத வீட்டில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் மோட்டார் விலையும் காயில் கட்டும் கூலியும் இலவசம் இல்லையே. மின் இணைப்புக் கிடைக்காமல் ஆயில் என்ஜின் ஓட்டுகிறவருக்கோ ஒவ்வொரு சொட்டும் காசு. ஐந்து எச்.பி. என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும்.

ஏழரை போட்டும் ஏன் வரவில்லை?

முன் சொன்ன அதே கிணற்றில் வைகாசியில் நீர்மட்டம் 6 மீட்டருக்கு இறங்கிவிட்டது. ஓடும்போது ஏழரை மீட்டர். குழாய் உராய்வையும் சேர்த்தால் பம்பு எட்டு மீட்டருக்கு மேல் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அங்கேதான் நிற்கிறது விஷயம்.

பம்பு தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. சக்கரம் சுழன்று குழாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. வெளியில் உள்ள காற்றின் அழுத்தம் மணல் படுகை நீரை அழுத்தி, அந்த வெற்றிடத்துக்குள் தள்ளுகிறது. இளநீரை உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பது போலத்தான். காற்றழுத்தம் தள்ளக்கூடிய உச்ச உயரம் 10.3 மீட்டர். இத்தாலியில் கலிலியோவின் காலத்திலேயே கிணறு வெட்டுகிறவர்கள் இந்த எல்லையில் முட்டிக்கொண்டார்கள். அவருடைய சீடர் டாரிசெல்லி 1640-களில் காரணத்தை விளக்கினார். அது முழுச் சுத்தமான வெற்றிடத்துக்கான கணக்கு. நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் எந்த மையவிலக்குப் பம்பும் ஒழுங்காக உறிஞ்சாது. அதற்கு அப்பால் பம்புக்குள் தண்ணீர் ஆவியாகிக் குமிழ்கள் கிளம்பும். கூழாங்கல்லை உள்ளே போட்டது போல் கடகடவென்று சத்தம் கேட்கும். சக்கரம் அரித்துப் போகும்.

காற்றின் அழுத்தம் ஐந்து எச்.பி.க்கும் ஒன்றுதான், பத்து எச்.பி.க்கும் ஒன்றுதான். மோட்டாரை மாற்றினால் அது மாறாது. பெரிய பம்பு வேகமாக எடுக்கப் பார்ப்பதால் கிணற்றுக்குள் நீர்மட்டம் இன்னும் கீழே போய், உள்ளதும் கெடுவதுண்டு. நுண்மணல் கிளம்பி வடிமுனையை அடைத்துக் கொள்ளும். பக்கத்து வயல் கிணற்றிலும் தண்ணீர் இறங்கும். அந்த வம்பு பஞ்சாயத்துவரை போகும்.

செய்ய வேண்டியது பம்பைத் தண்ணீருக்கு அருகில் கொண்டு போவதுதான். செங்கல் வைத்துக் கட்டிய இரண்டு மீட்டர் ஆழக் குழியில் பம்பை இறக்கினால் உறிஞ்ச வேண்டிய உயரம் ஆறு மீட்டர் சுமாருக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் மீண்டும் கொட்டும். மொத்த ஏற்ற உயரம் இப்போது 10 மீட்டர். கணக்குப் போட்டால் தேவைப்படுவது 2.7 எச்.பி. பழைய மூன்று எச்.பி. மோட்டாரே போதும் என்று ஆகிறது!

குழியில் இறக்குவதில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆயில் என்ஜினை எக்காரணம் கொண்டும் குழிக்குள் வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கீழே இறங்கியவர் மயங்கி விழுந்து உயிரிழக்க நேரிடும். என்ஜினை மேலே வைத்துப் பெல்ட் மூலம் கீழே உள்ள பம்பை ஓட்டும்போதும் புகைக் குழாயைக் குழியிலிருந்து விலக்கித் திருப்பி வைக்க வேண்டும். மின் மோட்டாரானால் மழை நீர் குழிக்குள் இறங்காதபடி சுற்றிலும் கட்டை எழுப்பி, எர்த் கம்பியைச் சரியாகப் பொருத்த வேண்டும். ஐப்பசி வெள்ளத்துக்கு முன் மோட்டாரை மேலே தூக்கிவிடுவது உத்தமம்.

நீர்மட்டம் ஆண்டுதோறும் குழிக்கும் எட்டாத ஆழத்துக்குப் போகும் இடங்களில் நீர்மூழ்கி மோட்டார்தான் வழி. அது தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுவதால் உறிஞ்சும் எல்லை அதற்குக் கிடையாது. ஆனால் நான்கு அங்குல வடிமுனைக் குழாயில் அது இறங்கி வேலை செய்யுமா என்பதைக் குழாயின் உள் அளவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் புதிய ஆழ்குழாய் போட வேண்டி வரும். செலவு வேறு கணக்காகிவிடும்.

தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் நீர்மட்டமா, பம்பா என்று கண்டுபிடிக்க ஒரு சிறிய கருவி இருக்கிறது. உறிஞ்சு குழாயில் பொருத்தும் வெற்றிட மானிதான் அது. ஓடும்போது அதன் முள் 500 மில்லிமீட்டர் பாதரசத்தைக் காட்டினால், பம்பு 6.8 மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சிக் கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லைக்கு வந்தாயிற்று. நீர்மட்டம் இறங்காத நிலையில் முள் இப்படி ஏறினால் வடிமுனை அடைத்திருக்கிறது. முள் குறைவாகவே நின்று தண்ணீரும் குறைவாக வந்தால், உறிஞ்சு குழாய் இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பம்பின் சக்கரம் தேய்ந்திருக்கிறது. புது மோட்டாருக்குப் பணம் புரட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

வீணாகும் திறன்

வாங்கிய திறன் எங்கெங்கே ஒழுகிப் போகிறது என்பதைப் பம்பு ஷெட்டைச் சுற்றி வந்தாலே காணலாம். தண்ணீர் பார்வையாக விழ வேண்டும் என்று வெளிக்குழாயை ஆள் உயரத்துக்குத் தூக்கி வளைத்து விட்டிருப்பார்கள். எட்டு மீட்டர் ஏற்றும் இடத்தில் வீணாக ஒரு மீட்டர் ஏற்றினால் எட்டில் ஒரு பங்கு உழைப்பு போயிற்று. வாய்க்காலுக்கு ஒரு சாண் மேலே விழுந்தால் போதும். நான்கு அங்குலக் குழாய் போட வேண்டிய இடத்தில் விலை குறைவு என்று மூன்று அங்குலம் போட்டால், அதே அளவு தண்ணீர் போவதற்கு உராய்வு இழப்பு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. மிச்சம் பிடித்த பணத்தை அது ஓரிரு பட்டத்திலேயே தின்றுவிடும்.

பெல்ட் பூட்டி ஓட்டுகிறவர்கள் புல்லி அளவில் கவனம் வைக்க வேண்டும். 1,500 சுற்றுக்கு ஏற்ற பம்பை 1,800 சுற்றில் ஓட்டினால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். தேவைப்படும் குதிரைத் திறனோ முக்கால் பங்கு அளவுக்குக் கூடிவிடும். என்ஜின் கரும்புகை கக்குவது பல இடங்களில் இதனால்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வீண், இடத்துக்குப் பொருந்தாத பம்பு. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. அங்கே 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அதற்காகச் செய்த 5 எச்.பி. பம்பு விநாடிக்கு ஏழு லிட்டர் போலத் தரும். தஞ்சைக்கு 10 மீட்டர் போதும். அந்த உயரத்துக்கென்று செய்த 5 எச்.பி. பம்பு விநாடிக்கு இருபது லிட்டருக்கு மேல் தரும். பெயர்ப்பலகையில் இரண்டும் ஐந்துதான். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிக உயரத்துக்கான பம்பைக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் அது தன் அளவை மீறி ஓடப் பார்த்து மோட்டாருக்குச் சுமை ஏற்றும். மின் அழுத்தம் குறைந்த நேரத்தில் காயில் எரிவதற்கு இது போதும். விற்றவரோ மோட்டார் சின்னது, பெரிதாக வாங்குங்கள் என்பார்.

சூரிய மின் பம்புகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 2019-ல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் மானியத்துடன் இவை கிடைக்கின்றன. எச்.பி. கூடக் கூட சூரியத் தகடுகளின் எண்ணிக்கையும் விவசாயி செலுத்தும் பங்கும் கூடுகின்றன. மூன்று எச்.பி. போதும் இடத்தில் ஏழரைக்கு விண்ணப்பிப்பது கையிருப்பைக் கரைக்கும்.

கடைக்குப் போகும் முன்

நீர்மட்டம் மிகவும் இறங்கியிருக்கும் சித்திரை, வைகாசியில் அளவெடுக்க வேண்டும். பம்பை நிறுத்திய மறுநாள் காலை, குழாய்த் தலையில் உள்ள வளைவைக் கழற்றி, நூலில் ஒரு போல்ட்டைக் கட்டி இறக்கினால் நீர்மட்டம் தெரியும். இப்போது எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அறிய 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். 17 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 12 லிட்டர். பத்து விநாடியில் நிறைந்தால் இருபது லிட்டர். இந்த இரண்டு எண்களையும், தண்ணீர் விழும் வாயின் உயரத்தையும், குழாயின் நீளத்தையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டு போக வேண்டும்.

கடையில் "அஞ்சு எச்.பி. என்ன விலை?" என்று தொடங்காமல், "பத்து மீட்டர் ஹெட்டில் விநாடிக்குப் பன்னிரண்டு லிட்டர் தரும் பம்பு எது?" என்று கேட்க வேண்டும். பம்பின் பெயர்ப்பலகையில் மொத்த ஏற்ற உயரம், விநாடிக்கு எத்தனை லிட்டர், எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை ஓட்டலாம் என்பவை ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் பொறிக்கப்பட்டிருக்கும். நம் உயரம் அந்த எல்லையின் நடுவில் விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறையின் உட்கோட்ட அலுவலகத்திலோ அந்தத் தாளைக் காட்டினால் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள்.